வேலையை விடறேன் சார்!

"அந்த டாக்டர் என்னைப் பேஷன்ட்னு நினைச்சு பிபி பார்த்துட்டாரு!"

மெடிக்கல் ரெப் போனில் பொருமியதும், "நல்லதுதானே?" என்றாள் மனைவி.

"பார்த்துட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. எதிர்க் கம்பெனி மாத்திரை! நம்ம மாத்திரை பேரை வருஷக்கணக்கா அவர் காதுல ஓதிக்கிட்டிருக்கேன். என் மூஞ்சியே ஞாபகம் இல்லை மனுஷனுக்கு. போதும். இன்னைக்கே வேலையை விடறேன்."

"விடுங்க. அதுக்கு முன்னாடி அந்த மாத்திரையைப் போட்டுக்குங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஆபீஸுக்கு நடந்தார். வழியெல்லாம் ஒத்திகை.

ஏரியா மேனேஜருக்கு ரெப்கள் வைத்திருக்கும் பெயர் சைரன். அவர் போன் வந்தாலே காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பார்கள். ‘டார்கெட் என்னாச்சு?’ என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. இன்று அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

கதவைத் தள்ளினார். "சார், நான் வேலையை..."

"உட்காருப்பா." சைரனின் குரல் கம்மியிருந்தது. "நீ சொல்ல வந்தது அப்புறம் இருக்கட்டும். நான் வேலையை விடறேன்."

ரெப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"விக்காத சிரப்பையெல்லாம் கடைக்காரங்க திருப்பி அனுப்பறாங்க. மேலேருந்து வாங்கற திட்டை உங்க தலையில கொட்டறேன். 'அப்பா, வீட்டுலயாவது மெதுவாப் பேசு'ங்கிறா என் பொண்ணு." பொலபொலவென்று கண்ணீர்.

ரெப்புக்கு மனசு கரைந்துவிட்டது. "நீங்களே போயிட்டா எங்க கதி என்ன சார்? அந்த சிரப்பை நான் வித்துக் காட்டறேன். அழாதீங்க சார்."

தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவருக்கே புரியவில்லை.

வெளியே வந்தால், சீனியர் ரெப் சிரித்தபடி நின்றார். "விடறேன்னு சொல்லத்தானே போனீங்க? அழுதாரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் எங்கிட்ட அழுதாரு. அதுக்கு முன்னாடி ஸ்டாக் பார்க்கிற அம்மாகிட்ட. யாரு விடறேன்னு வந்தாலும் இதே கதைதான். பொண்ணு பேசற சீன் வந்துச்சா?"

ரெப்புக்குச் சுள்ளென்று ஏறியது. அடப்பாவி! என்ன நடிப்பு! திரும்பிப் போய் மறுபடியும் கதவைத் திறந்தார்.

சைரன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். எதிர்முனையில், கம்பெனியையே கிடுகிடுக்க வைக்கிற தலைமை ஆபீஸ் பெரிய மேனேஜர், விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தார்.

"நீயும் போறேன்னா எப்படிய்யா? உன்னை நம்பித்தானே நானே இன்னும் விடாம இருக்கேன்!"

"ஐயோ, போகலை சார்... சத்தியமாப் போகலை சார்..."

போனை வைத்த சைரன், வாசலில் நின்றவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாசா மாசம் விடணும்னுதான்யா போன் போடறேன். பாவம், அந்த மனுஷனை அழவிட்டுட்டு எப்படிப் போறது?"