ஒட்டக் கூடாத இடம்

ஜெனிட்டா ரைஃபிளை மடியில் வைத்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். குழலோடு சேர்ந்த இரும்பு, அதைத் தாங்கும் மரக்கட்டையை விட்டு அசையவில்லை. சுடும்போது ஆட்டம் கொடுக்கிறதென்று, நேற்று கட்டைக்குள் எபாக்சி பசை ஊற்றி இரும்பை அதில் உட்கார வைத்திருந்தாள். பசையில் அச்சு மட்டும் பதிந்து, இன்று இரும்பு தனியாகக் கழன்று வந்திருக்க வேண்டும்.

போனில் கோச் தன்சீல் கத்தினார். "இரும்புல ஷூ பாலிஷ் தடவினாதான் ஒட்டாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன். தடவினியா?"

"மறந்துட்டேன் சார்."

"ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். இன்னாம்மா நீ? இரு, நானே வர்றேன்."

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருஷமாக சோல் ஒட்டும் அவள் அப்பா இன்பராஜ், பக்கத்தில் நின்றிருந்தார்.

ஜெனிட்டா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அதில் கறுப்பு பாலிஷ் அப்பியிருந்தது. தின்னர் வாசனை அடித்தது.

"சார் வர்றதுக்குள்ள இத தூக்கிப் போட்டுடுப்பா. பாலிஷ் இருந்தா பசை புடிக்காதுன்னு, நான் தடவினத நேத்து நீ தொடச்சது அவருக்குத் தெரிய வேணாம்."

அதற்குள் வாசலில் பைக் சத்தம் கேட்டது. இன்பராஜ் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

தன்சீல் ரைஃபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பாவுக்கு வேலையே ஒட்டுறதுதானே? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நேத்து எனக்கு டூட்டி சார். வீட்டுலயே இல்ல," என்றார் இன்பராஜ்.

அதுவரை நிமிர்ந்தே நின்றிருந்த ஜெனிட்டா, அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டாள்.