தலைவரான பாவசங்கீர்த்தன நாற்காலி

மாதா கோயில் மூலையில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் நாற்காலி ஒன்று இருந்தது. சனிக்கிழமைதோறும் ஊர்ப் பிராணிகள் அதன் முன் மண்டியிட்டுத் தங்கள் குற்றங்களைச் சொல்லும். கேட்டதை அது யாரிடமும் சொன்னதே இல்லை.

"இவ்வளவு பொறுமைசாலியை ஊராட்சித் தலைவராக்கினால் என்ன?" என்று நாய் கிளப்பிவிட்டது. நாற்காலிக்கும் ஆசை வந்துவிட்டது.

"பாவசங்கீர்த்தனம் கேக்கறவங்க பதவிக்கு வர்றதுக்குத் திருச்சபைச் சட்டம் ஒத்துக்காதுப்பா," என்றது கோயில் மணி.

"அது கிடக்கட்டும். ரெண்டையும் நான் பார்த்துக்குவேன்," என்ற நாற்காலி, தேர்தலில் நின்று ஜெயித்தது.

முதல் கூட்டத்திலேயே நாய் எழுந்தது. "ஊராட்சித் தோட்டத்து வாழைக்கன்றையெல்லாம் யாரோ மேய்ஞ்சுட்டாங்க. யாருன்னு சொல்லுங்க தலைவரே!"

கடைசி வரிசையில் இருந்த ஆடு மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தது. போன சனிக்கிழமைதான் அது எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தது.

நாற்காலி மேடையை விட்டு இறங்கியது. பிறகு, "தலைவர்னா விசாரிச்சுச் சொல்லித்தான் ஆகணும். அதனால இந்த நிமிஷத்திலேருந்து நான் தலைவர் இல்லை," என்றது.

அடுத்த சனிக்கிழமை அது பழைய மூலையில் நிம்மதியாக இருந்தது. வரிசையில் முதல் ஆளாக வந்து மண்டியிட்டது நாய்.

"சாமி," என்று முனகியது. "அந்தத் தோட்டத்து வேலியில ஓட்டை போட்டது நான்தான்."