அவள் பிடித்துவைத்த தண்ணீர்

தாராசுரத்தில் காலையிலிருந்து வீடு வீடாகக் கொசுப்புழு பார்த்துப் பூமிகாவுக்கு இடுப்பே ஒடிந்துவிட்டது. கடைசியாக நாகரத்தினத்தின் வீடு. போன மாதம்தான் டெங்குவுக்கு மனைவியைப் பறிகொடுத்தவர். கொல்லை வெயிலில் நின்ற டிரம் நிறையப் புழு.

“இதக் கொட்டிடணுங்கய்யா.”

“வேணாம்மா. அவ புடிச்சு வச்ச தண்ணி” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

சோதனைக்காவது கொஞ்சம் புழு எடுத்தாக வேண்டும். நிழல் பட்டால் புழுக்கள் அடியில் இறங்கிவிடும். அதனால் பூமிகா கரண்டியோடு தள்ளி நின்றாள். புழுக்கள் மேலே வந்தன. யாரோ எட்டிப் பார்த்ததுபோலச் சட்டென்று மறுபடி இறங்கின. கொல்லையில் வேறு யாருமில்லை.

எல்லா வீட்டிலும் சொல்வதுதான், அலுப்பில் வாயில் வந்துவிட்டது.

“நிழல் விழுது, கொஞ்சம் தள்ளிக்குங்கக்கா.”

புழுக்கள் மேலே வந்தன.