கடைசி நான்கு நிமிடம்

குரல் நின்றது.

நிறுத்தியது அவள்தான். முடிவுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது நிறுத்த வேண்டும். பனியன் கம்பெனியில் அந்த மேசையின் வழக்கம் அது.

போன் எவர்சில்வர் சொம்புக்குள் இருந்தது. சொம்பில் போட்டால் தையல் மெஷின் சத்தத்தைத் தாண்டி எட்டுப் பேருக்கும் கேட்கும். பார்க்க முடியாது. கண் பனியனில் இருக்க வேண்டும். பிசிறு வெட்டும் கத்தரி நூலை விட்டுத் துணியைக் கடித்துவிட்டால் அந்தப் பனியன் வீண்.

தினமும் ஒரு கொலை.

எல்லாம் நிஜமாக நடந்த கொலைகள், போனில் ஒரு குரல் கதையாகச் சொல்பவை.

கதையைத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. காலையில் கம்பெனி வேனில் வரும்போதே காதில் இயர்போன் மாட்டி முழுதாகக் கேட்டுவிடுவாள். பயமில்லாத கதையை மேசைக்குக் கொண்டுவர மாட்டாள். வாயே திறக்காத அவளை இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பயம் அவளுக்குப் பிடிக்கும். எட்டுப் பேர் நடுவில், பகல் வெளிச்சத்தில், முதுகில் ஊறுகிற பயம். சாயங்காலம் வீட்டுச் சந்தில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பாள். வாசல் வந்ததும் சிரிப்பு வரும்.

இன்றைய கதையில் பல்லே கூசியது. அதனால்தான் கொண்டுவந்தாள்.

கதையில் வரும் பெண் நித்யா. காலையில் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் செல்போனுக்காகச் சண்டை. மதியம் தையல் வகுப்பு முடிந்து சைக்கிளில் திரும்புகிறாள். வழியில் பூட்டிக் கிடக்கும் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை. கொஞ்ச நேரத்தில் அதன் பின்சுவரில் சைக்கிள் மட்டும் சாய்ந்து நிற்கிறது.

அந்த இடத்தில்தான் குரலை நிறுத்தியிருந்தாள்.

“செரி, ஆளாளுக்குச் சொல்லுங்க. யாரு?” என்றாள் துளசிமணி அக்கா.

தப்பாகச் சொல்கிறவர்கள் நான்கு மணி டீக்குப் பன் வாங்க வேண்டும்.

மாமன் மகன் என்றார்கள். தையல் வகுப்பு வாத்தியார் என்றார்கள்.

“எனக்கென்னமோ அம்மாக்காரி மேலதான் சந்தேகம்” என்றாள் துளசிமணி அக்கா. “காத்தால சண்டை போட்டிருக்கா பாரு. பெத்தவளுக்குத் தெரியாமயா நடந்திருக்கும்?”

எதிரிலிருந்த மரகதம் விடவில்லை. “உனக்கு நேத்தும் அம்மாக்காரிதான், முந்தாநேத்தும் அம்மாக்காரிதான். உன்ற மாமியாள நெனச்சுட்டே சொல்றயாக்கும்.”

சிரித்தார்கள். கத்தரிகள் நிற்கவில்லை.

ஒன்று நின்றிருந்தது.

செண்பகவல்லியின் கத்தரி. வேலைக்கு வந்து பதினெட்டு நாள். தெற்கே எங்கிருந்தோ தனியாக வந்தவள். யாரிடமும் ஒட்ட மாட்டாள்.

“நீங்களும் சொல்லுங்கக்கா” என்றாள் மரகதம். “ஒரு பன்னுக்குப் பயந்தா ஆகுமா?”

செண்பகவல்லி சொம்பைப் பார்த்துச் சொன்னாள்.

“செல்போனுக்குச் சண்டை போடல. சாப்பிடாமப் போறாளேன்னுதான் வஞ்சேன்.”



பெயர் மாற்றப்பட்டிருக்கிறது என்று குரல் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தது. அது எல்லாக் கதையிலும் சொல்வதுதான். யாரும் காதில் வாங்குவதில்லை.

துளசிமணி அக்கா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். 

கதையைக் கொண்டுவந்தவள் சொம்புக்குள் கையை விட்டாள். போன் சுட்டது. எடுத்து மடியில் கவிழ்த்தாள்.

“அணைச்சிராத பாப்பா.” செண்பகவல்லியின் குரல் உயரவில்லை. “உடம்பத் துணியில கட்டித்தான் கொண்டாந்து தந்தாங்க. முகத்தக்கூட முழுசாக் காட்டல. கடைசில எம்புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல. மிச்சத்தப் போடு.”

மிச்சம் நான்கு நிமிடம்.

இந்த மேசையில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

கடைசியில் அந்தப் பெண் யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை முறை கூப்பிட்டாள் என்றும் தெரியும். யாரோ ஒருத்தியை நடிக்க வைத்து அந்தக் கூப்பாட்டைப் பதிவு செய்திருந்தார்கள்.

வேனில் அந்த இடத்தைப் பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்டிருந்தாள்.

“முடிவுல ஒண்ணுமில்லக்கா” என்றாள். அந்த மேசையில் இவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை. “ஒரே நிமிஷந்தானாம். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதாம். டாக்டர் சொன்னதாச் சொல்றாங்க.”

“என்னயக் கூப்பிட்டாளா?”

“இல்லக்கா.”

செண்பகவல்லி அவள் முகத்தையே பார்த்தாள்.

அவள் இமைக்காமல் இருக்க முயன்றாள். இது முதுகில் ஊறும் பயமல்ல.  வீட்டு வாசல் வந்தாலும் போகாது.

செண்பகவல்லி மெல்லத் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

“படம் போட்டிருக்காங்களா?”

போட்டிருந்தார்கள். பெயரை மாற்றியவர்கள் முகத்தை மாற்றவில்லை.

இதற்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் அந்தக் கதையை மூடி, கதைகளின் பட்டியலில் இருந்த சின்னப் படத்தை நீட்டினாள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண். இரட்டைச் சடை. முகத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

செண்பகவல்லி இரண்டு கையாலும் வாங்கினாள். முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

“இது என்ன, எம்புள்ள முகத்துல கோடு?”

சேலைத் தலைப்பால் துடைத்தாள். வட்டம் போகவில்லை.

கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

“தொடாதீங்கக்கா!”

விரல் பட்டதில் படம் பெரிதானது.

குரல், விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.