நாலாவது மாடி காலி

“சும்மா ஒத்திகைதானே மேடம். நீங்க எதுக்கு அலையணும்?”

“ஒத்திகைங்கறதாலதான் சார் வரேங்கறேன். நிஜமாவே தீப்பிடிச்சா அன்னைக்கா உக்காந்து கத்துக்க முடியும்?”

புகழேந்தி சிரித்தார். நான்காவது மாடியின் தீப்பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது. கழுத்தில் விசில். அவர் அசையும்போதெல்லாம் அது சட்டைப் பொத்தானில் இடித்தது.

“நிஜமா பிடிச்சா உங்களை விட்டுட்டுப் போயிடுவோமா? அலாக்கா தூக்கிட்டு ஓடிருவோம்.”

“யாரு சார் தூக்குவாங்க?”

“யாரு... யாராவது.”

விசில் நகர்ந்து போனது.

அவள் தொலைபேசிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடக்கிய வெள்ளைக்கோல். அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளை எல்லா மாடிகளுக்கும் பிரித்துக் கொடுப்பவள். அத்தனை பேருடைய குரலும் அவளுக்குத் தெரியும்.

யாராவது என்பவரின் குரலை இதுவரை கேட்டதில்லை.

போன வருட ஒத்திகையில் அவளையும் அழைத்துப் போனார்கள்.

அழைத்துப் போனார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் வலக்கையை இழுத்தார். ஒருவர் இடக்கையை. இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளினார்.

என்னைப் பிடிக்காதீங்க, முழங்கையை மட்டும் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன், நீங்க முன்னால நடங்க என்றாள். சைரன் அலறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் படியில் விழுந்தாள்.

அவர்கள் பிடித்த விதம் தவறு என்று யாரும் சொல்லவில்லை. படிக்கட்டு அவளுக்கு ஆகாது என்று முடிவானது.

சைரன்.

இந்த வருடமும் நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. செருப்புகள். சிரிப்பு.

“லிஃப்ட் பக்கம் யாரும் போகாதீங்க. தீப்பிடிச்சா லிஃப்ட் ஓடாது!” புகழேந்தி கத்தினார்.

அவள் தினமும் வருவதும் போவதும் லிஃப்டில்தான்.

“அக்கா, கீழ டீ தராங்களாம். உங்களுக்கு வாங்கிட்டு வரேன்.” பக்கத்து மேசை ரோஸ்லின், ஓடிக்கொண்டே.

பிறகு சைரனும் நின்றது.

ஏ.சி. மட்டும் இரைந்துகொண்டிருந்தது. நடுக்கடலில் எல்லோரும் இறங்கிப்போன கப்பல் இப்படித்தான் இரையும் என்று நினைத்தாள்.

எழுந்தாள். கோலை விரித்தாள்.

சுவர். தண்ணீர்க் குழாயின் சொட்டு. கதவு. அதற்கப்பால் படிக்கட்டின் குளிர்ந்த காற்று.

ஒரு படி.

கைப்பிடியைத் தேடினாள். கையில் அட்டைப்பெட்டி பட்டது. அதன்மேல் இன்னொன்று. இடமில்லாமல் படியோரம் அடுக்கி வைத்த பழைய கோப்புகள். கண் தெரிந்தவர்கள் நடுவில் இறங்கிப் போய்விடுவார்கள். கைப்பிடி அவற்றுக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

இன்னொரு படி.

கோல் எதிலோ இடித்தது. ஒரு பெட்டி சரிந்து உருண்டது. அடுத்த படி, அதற்கடுத்த படி. வெகுநேரம் உருண்டது.

அவள் அசையாமல் நின்றாள்.

கீழேயிருந்து ஒலிபெருக்கி கேட்டது.

“நாலாவது மாடி முழுசா காலி. ஒருத்தர்கூட பாக்கி இல்ல.”

கைதட்டல்.

லிஃப்டின் மணி அடித்தது. மாடிக்குக் குரல்கள் திரும்பின. ஒரு ஜோடிச் செருப்பு அவளை நோக்கி ஓடி வந்தது.

“ஐயோ அக்கா! இங்க ஏன் வந்து நிக்கறீங்க?”

குரல் வந்த பக்கம் கையை நீட்டினாள்.

அதில் ஒரு காகிதக் கோப்பை வந்து உட்கார்ந்தது.

“பாத்து, சூடு. சர்க்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன்.”

கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கோப்பையை இடக்கைக்கு மாற்றினாள். வலக்கையை மறுபடி நீட்டினாள்.

“ரோஸ்லின், உன் முழங்கையைக் குடு. ஒரே ஒரு தடவை. கீழ வரைக்கும்.”