கண்ணாடிக் குளத்து வாத்து

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடிலில் வாத்தை வைக்கவில்லை.

"ஒட்டகத்தைவிட வாத்து பெரிசா இருக்கு. பார்க்கிறவங்க சிரிப்பாங்க" என்று வீட்டுக்காரர் சவரிராயன் அதைப் பெட்டியிலேயே போட்டு மூடிவிட்டார்.

களிமண் ஒட்டகத்துக்கு வந்ததே கோபம்! அது அவர் மகள் ஜெசிந்தா குளிக்கும்போது விளையாடிய பிளாஸ்டிக் வாத்து. மூன்று வயதில் அவளே அதைக் குடிலின் கண்ணாடிக் குளத்தில் விட்டாள். அதிலிருந்து எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் அவள்தான் விடுவாள். இப்போது வெளியூரில் வேலை. சாயங்காலம் வருகிறாள்.

"வந்ததும் குளத்தைத்தானே பார்ப்பா? வெறுங்குளத்தையா காட்டுறது?" என்று ஒட்டகம் சீறியது.

"கத்தாதீங்க அண்ணே. பெத்லகேமில் வாத்து ஏது?" என்றது ஆடு.

"சீரியல் லைட்டு மட்டும் இருந்துச்சாக்கும்! வாயை மூடுடா, பஞ்சு மூட்டை."

சொல்லிவிட்டு ஒட்டகம் குப்புற விழுந்தது. சவரிராயன் நிமிர்த்தினார். மறுபடி விழுந்தது. தீப்பெட்டியை முட்டுக்கொடுத்தார். அதையும் தள்ளிக்கொண்டு விழுந்தது.

"சனியன், நிக்க மாட்டேங்குதே!"

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து மனைவி அமலோற்பவம் வந்தாள். ஒட்டகத்தைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்த்தாள்.

"சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான். எம்புள்ள முகம் வாடக் கூடாது."

பெட்டியைத் திறந்து வாத்தை எடுத்தாள். குளத்தில் விடவில்லை. விடுகிறவள் வந்து விடட்டும் என்று கரையில் வைத்துவிட்டுப் போனாள், அமலோற்பவம்.