கவுன்சிலர் வீட்டுக் கல்யாண பேனர்

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியவள் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவளுடைய மடிக்கணினித் திரையில் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

தலைமுடி அவிழ்ந்து, மாராப்பு விலகி, வாய் கோணி. அண்ணன் செத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் யாரோ எடுத்து, பத்திரிகையில் வந்த படம்.

பயிற்சி மையத்து சார் அதை இணையத்தில் தேடி எடுத்திருந்தார். ஓவியக் கல்லூரிக்கு அனுப்ப அவள் தன் படங்களைத் தொகுத்துக்கொண்டிருந்த போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

பக்கத்திலேயே அவள் வரைந்த சுவரொட்டி. மின்கம்பியில் சாய்ந்த இரும்புச் சட்டம். சட்டத்தில் ஒரு பேனர். கீழே சின்ன எழுத்தில்: செல்வின், வயது இருபது.

கவுன்சிலர் வீட்டுக் கல்யாணத்துக்கு பேனர் கட்டப் போனவன்.

அந்தச் சுவரொட்டியை அவள் கடைசிப் பக்கத்தில்தான் வைத்திருந்தாள்.

"இப்பதாம்மா எடுப்பா இருக்கு. பாக்குறவங்க அழுதுருவாங்க. உனக்கு சீட்டு கன்ஃபார்ம்" என்றார் சார்.

அவர் குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

முதலில் அம்மாவை அழித்தாள்.

பிறகு அந்தப் பக்கத்தையே எடுத்தாள்.

மடிக்கணினியைப் படாரென்று மூடிக்கொண்டு கிளம்பினாள். சார் படி வரைக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். அவள் திரும்பவில்லை.

வீட்டில் அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கு முடிந்துவிட்டது. கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். செல்வினின் கவனக்குறைவு. கல்யாண வீட்டிலிருந்து இன்றுவரை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

"அண்ணன் படத்த வச்சியாடி?"

"இல்லம்மா. எடுத்துட்டேன்."

அம்மா கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டாள்.

"ஏன் எடுத்த? காட்டு."

காட்டினாள். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

"பேனர்ல ஒண்ணுமே எழுதலையே?"

வெள்ளையாகத்தான் விட்டிருந்தாள். அதுதான் அழகு என்று சாரிடம் சொல்லியிருந்தாள்.

பயம் என்று சொல்லவில்லை.

"அந்தக் கவுன்சிலர் பேரப் போடு. பேருக்கு முன்னாடி பட்டம் போட்டுக்குவானே, அதுல ஒண்ணு விடாத."

அவள் விசைப்பலகையில் விரல் வைத்தாள்.

அம்மா பின்னால் நின்று ஒவ்வொரு பட்டமாகச் சொல்லத் தொடங்கினாள்.

எல்லாம் மனப்பாடமாக இருந்தது.